பழைய பள்ளிக்கூடத்துக்கு ஒரு கால அட்டவணை

ஆரணிப் பக்கம் பள்ளிக்கூடம் பகலுக்கு மட்டும் சொந்தமாக இருந்ததே இல்லை. பங்குனி பிறந்துவிட்டால் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேறும். நோட்டீசில் ‘அக்கினி வசந்த விழா’ என்று போடுவார்கள். வாய்ப்பேச்சில் ‘பாரதம்’ என்றால் போதும். மதியம் பாரதச் சொற்பொழிவு, இரவு கூத்து என்று பத்து நாள், பதினைந்து நாள் ஓடும். வந்திறங்கும் கூத்து ஜமா பெட்டிகளை எங்கே இறக்கும்? பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில். விடிய விடிய ஆடிவிட்டு எங்கே கண்ணயரும்? அதே தாழ்வாரத்தில். காலையில் நான் மணி அடிக்கப் போகும்போது, ராத்திரி துச்சாதனனாக நின்று ஊரையே நடுங்க வைத்தவர், பாதி அழிந்த அரிதாரத்தோடு துண்டை விரித்துப் படுத்திருப்பார். பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு சத்தமில்லாமல் வகுப்புக்குள் போவார்கள். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டைக்கூட அன்றைக்கு மெதுவாகத்தான் சொல்வார்கள்.

நான் ஆரணியில் நெசவாளர் வீட்டில் பிறந்தவள். ஆரணிக்கும் செய்யாற்றுக்கும் நடுவிலுள்ள ஊர்களில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். கடைசியாக வேலை பார்த்த ஊரில் ஜில்லா போர்டு காலத்துக் கட்டடம் ஒன்று நிற்கிறது. மூன்று அறை, நீளத் தாழ்வாரம், மங்களூர் ஓடு. பக்கத்தில் கான்கிரீட் கட்டடம் வந்த பிறகு இது பூட்டியே கிடக்கிறது. இடிக்காமல் ஊருக்குக் கலைக்கூடமாக்க வேண்டும் என்று பழைய மாணவர்கள் சிலர் புறப்பட்டிருக்கிறார்கள். “டீச்சர், நீங்க பார்த்துச் சொல்லுங்க” என்று வந்தவர்கள் கையில் கட்டட வரைபடம் இருந்தது. மேடை, காட்சி அறை, வாசலில் வளைவு, எல்லாம் அழகாகப் போட்டிருந்தார்கள்.

“கால அட்டவணை எங்கேப்பா?” என்று கேட்டேன்.

பள்ளிக்கூடத்தைப் பள்ளிக்கூடமாக்குவது எந்த மணிக்கு யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்பதுதான். கலைக்கூடத்துக்கும் அதே விதி. எத்தனையோ ஊர்களில் சமுதாயக் கூடம் கட்டி, திறந்து, பெயர்ப் பலகையும் வைத்து, பிறகு உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். கட்டடத்தில் கோளாறு இல்லை. திறப்பு விழாவுக்கு அடுத்த நாள் காலையில் அங்கே யாருக்கும் வேலை இல்லை, அவ்வளவுதான்.

பழைய கட்டடத்தின் மேல் உள்ள பயம்

பழைய பள்ளிக்கூடம் என்றாலே அதிகாரிகள் இடிப்பதைப் பற்றிப் பேசுவதற்கு நியாயமான காரணம் உண்டு. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகள் போனார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையே கூடாது என்றானது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க அரசு உத்தரவிட்டது. பிள்ளையின் உயிருக்கு முன்னால் எந்தப் பழமையும் பெரிதில்லை. இதில் எனக்கு மறுபேச்சு கிடையாது.

ஆனால் பழையது எல்லாம் பழுதானது ஆகிவிடாது. போர்டு ஸ்கூல் கட்டடங்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் ‘ரிப்பேர்’ என்று சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, அடிச்சுவரில் உப்புப் பூத்து, பூச்சு பொடிப்பொடியாக உதிரும். உதிர்வதைப் பார்த்துவிட்டு “கட்டடம் போச்சு” என்பார்கள். போனது பூச்சுதான்.

கூரையிலும் அப்படித்தான். வயிரம் பாய்ந்த பனங்கை லேசில் கெடாது. சுவருக்குள் செருகியிருக்கும் முனைதான் ஈரம் பட்டு முதலில் மட்கும். அந்த முனைகளைத் தட்டிப் பார்த்து, கெட்டதை மாற்றி, உடைந்த ஓட்டுக்கு வேறு ஓடு போட்டு, மழைத் தண்ணீர் சுவரோரம் தேங்காமல் வடிய வழி செய்தால் பாதி வேலை முடிந்தது. மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். அந்த வகை ஓடு தென்னிந்தியா முழுக்கப் பரவியதற்குக் காரணமே, ஒன்று உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்பதுதான்.

கண்ணால் பார்த்து நாம் முடிவு கட்டக் கூடாது. பொறியாளர் உறுதித்தன்மைச் சான்று தர வேண்டும். பத்துப் பேர் கூடும் வகுப்பறை இருநூறு பேர் கூடும் இடமாகப் போகிறது என்றால் பொதுக் கட்டட உரிமமும் கேட்பார்கள். 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தாசில்தார் தரும் உரிமம். தீயணைப்புத் துறைச் சான்றும் வேண்டும். இந்தத் தாள்களை வாங்காமல் வண்ணம் அடிக்கத் தொடங்கினால், முதல் விழாவுக்கே பூட்டுப் போடுவார்கள்.

பள்ளியும் கூத்தும் ஒரே கூரையில்

நம் வட்டாரத்தை ஒட்டிய உதாரணம் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சை அரசந்தாங்கலில் இருந்தது. கட்டைக்கூத்து குருகுலம். அதை நிறுவியவர்களில் ஒருவரான பெருங்கட்டூர் ராஜகோபால் கூத்துக் குடும்பத்தில் பிறந்து பத்து வயதிலேயே மேடை ஏறியவர். இன்னொருவர் நெதர்லாந்திலிருந்து கூத்தை ஆராய வந்த ஹன்னே தெ ப்ரூயின், ராஜகோபாலின் மனைவி. கூத்துக் கலைஞர்களைச் சேர்த்து 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். அந்தச் சங்கம் 2002இல் குருகுலத்தைத் தொடங்கியது.

அதன் கணக்கு எளிமையானது. கூத்தாடும் வீட்டுப் பிள்ளை இரவு ஆடும். பகலில் பள்ளியில் தூங்கி விழும். இரண்டு வருஷத்தில் பள்ளியை விட்டுவிடும். பள்ளிக்கு அனுப்பினால் கூத்து போகும், கூத்துக்கு அனுப்பினால் படிப்பு போகும். இரண்டையும் ஒரே வளாகத்தில், ஒரே நாளின் வெவ்வேறு மணிகளில் வைத்தால் என்ன? அதைத்தான் அங்கே செய்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். பாடப் புத்தகமும் உண்டு. அடவு, பாட்டு, முகவீணை, மிருதங்கமும் உண்டு.

பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிவந்த கூத்தில், அங்கே பெண் பிள்ளைகள் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ஆண் வேஷத்தில் இறங்கினார்கள். எனக்கு அது பெரிய விஷயம். நான் சிறுமியாக இருந்தபோது கூத்துக் களரியில் பெண்களுக்கு இருந்த வேலை, ஒரு பக்கமாகப் பாய் போட்டு உட்கார்ந்து, தம்பி தங்கையை மடியில் தூங்கவைத்து, திரௌபதி சபதம் வரும் வரை கண் விழித்திருப்பது.

குருகுலம் பள்ளியாக நடந்தது 18 ஆண்டு. 2020இல் அது முடிந்தது. ஆனால் அங்கே படித்தவர்களில் சிலர் தொழில்முறைக் கலைஞர்கள் ஆனார்கள். பாடகர்கள் டி. எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் கட்டைக்கூத்துக் கலைஞர்களோடு ஒரே மேடையில் சேர்ந்து, கர்நாடக இசையையும் கூத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். முகவீணையின் குரல் எட்டாத சபைகளுக்கு அப்படித்தான் அது எட்டியது. பள்ளி நடத்துவது முடிந்தாலும், பள்ளி உண்டாக்கிய ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: சுவரைக் காப்பாற்றுங்கள், சரி, அந்தச் சுவருக்குள் எத்தனை பேரைக் கலைஞராக்கினீர்கள் என்ற கணக்குதான் பிற்பாடு நிற்கும்.

செய்யாற்று வட்டாரத்துப் புரிசை இன்னொரு வகை. அங்கே பள்ளிக் கட்டடம் என்று எதுவும் தேவைப்படவில்லை. ஒரு குடும்பமே பள்ளியாக இருந்தது. அந்தக் குடும்பத்து நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து வியந்த எழுத்தாளர் ந. முத்துசாமி 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் அங்கே நவீன நாடக நடிகர்களுக்குக் கூத்து கற்றுக்கொடுத்தார். அவர் நினைவாகப் புரிசையில் ஆண்டுதோறும் நாடக விழா நடக்கிறது. சென்னையிலிருந்து நவீன நாடகக் குழுக்கள் வயல்வெளி ஊருக்கு வந்து விடிய விடிய உட்கார்ந்து பார்க்கின்றன. சிற்றூருக்கு ஊர் வராது என்பவர்கள் ஒரு தடவை புரிசைக்குப் போய்வரலாம்.

கோயில் இருக்க, பள்ளிக்கூடம் எதற்கு?

“கூத்துக்குத்தான் கோயில் இருக்கே டீச்சர், கல்யாண மண்டபம் இருக்கே, பள்ளிக்கூடம் எதுக்கு?” என்று ஊரில் பெரியவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி.

கோயில் வாசல் எல்லாருக்கும் ஒரே மாதிரி திறந்து இருந்ததில்லை. கூத்துக் களரியில் காலனி ஆட்கள் எங்கே உட்காரலாம் என்பதற்கு எழுதாத கோடு ஒன்று இருந்ததை என் வயதுக்காரர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பறை அடிப்பவருக்கு ஊர்வலத்தில் இடம் உண்டு, மேடையில் கிடையாது. கல்யாண மண்டபம் காசு உள்ளவனுக்கு. பள்ளிக்கூடம் ஒன்றில்தான் ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஓட்டுச்சாவடியும் அங்கேதான், வெள்ளம் வந்தால் சோறு பொங்குவதும் அங்கேதான். ஊரில் யாரும் “எங்களுது” என்று தனியாகச் சொல்ல முடியாத இடம் அது. அதனால்தான் அது வேண்டும். பறையும் முகவீணையும் ஒரே அறையில் பாடம் நடக்க வேண்டும் என்றால் நம் ஊரில் அதற்கு வேறு அறை இல்லை.

தறி உள்ளே வரலாமா?

ஆரணி என்றால் பட்டு. புவிசார் குறியீடு பெற்ற பட்டு. சௌராஷ்டிரரும் செங்குந்தரும் மற்றவர்களும் தலைமுறை தலைமுறையாக நெய்த ஊர். தேவிகாபுரம் முதலிய சுற்றுவட்டாரங்களிலும் தறிச் சத்தம் உண்டு. ஆரணியில் நெய்த சேலை காஞ்சிபுரத்துக்குப் போய் வேறு பெயரில் விற்பதும் ஊரறிந்த கதை. எனவே, கலைக்கூடத்தில் ஒரு தறி போட்டு வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்ற யோசனை வரைபடத்திலேயே இருந்தது.

அங்கேதான் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசினேன்.

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று அழுத்தமாகப் பிரியும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளர் ஒரு பக்கம் இருந்தால், மறுகரை நாடாவைப் போட இன்னொரு ஆள் தறியில் உட்கார வேண்டும். அந்த இன்னொரு ஆள் பல வீடுகளில் எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தது. ஆவணி முகூர்த்தமும் தீபாவளியும் நெருங்கும் மாதங்களில் என் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே எந்த வீட்டில் கோர்வை ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். முன்கடன் வாங்கிய குடும்பங்களில் பிள்ளையின் கையும் அந்தக் கடனில் சேர்ந்திருந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்து, மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. 2010 முதல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வீடு வீடாக ஏறி இறங்கி, “அம்மா, பிள்ளைய அனுப்புங்க” என்று கெஞ்சி, தறிக் குழியிலிருந்து பிள்ளையைத் தூக்கி வந்து உட்காரவைத்த இடம் இந்தப் பள்ளிக்கூடம். அதே இடத்தில் தறியைப் போட்டுப் பிள்ளையை உட்காரவைத்துப் படம் பிடிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தறி வரட்டும். ஆனால் நெய்வது பெரியவர், அதற்குக் கூலி உண்டு. ‘காட்சி’க்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் கூலி கூலிதான். பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது நாடா வீசுவதை அல்ல, சேலையின் மூளையை. கட்டம் போட்ட தாளில் மயிலையும் யாளியையும் புள்ளி புள்ளியாக வரைவது, அந்தப் புள்ளி ஜக்கார்டு அட்டையில் எப்படித் துளையாகிறது, அந்தத் துளை எந்த இழையைத் தூக்குகிறது என்பது. கணக்கும் ஓவியமும் ஒன்றாகச் சேரும் இடம் அது. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு ஆயத்தொலைவை இதைவிடச் சுலபமாக எந்தப் பாடப் புத்தகமும் விளக்காது.

கலையும் தறியும் ஒரே வளாகத்தில் வாழ்வது புதிதில்லை. ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய அடுத்த ஆண்டே அங்கே நெசவுப் பிரிவையும் தொடங்கினார். நடனத்துக்கு வேண்டிய சேலையை, கடையில் கிடைக்காத பழைய வண்ணங்களிலும் அகலக் கரைகளிலும் நெசவாளர்களைக் கொண்டு நெய்வித்தார். அங்கே தறி காட்சிப் பொருளாக இல்லை. மேடைக்குத் துணி வேண்டியிருந்தது, தறி ஓடியது. எங்கள் ஊரிலும் கூத்துக்குத் திரை வேண்டும், பாவாடை வேண்டும், மேல்துணி வேண்டும். இப்போது எல்லாம் நைலானும் ஜிகினாவும். அந்தத் திரை ஒன்றைப் பழைய பள்ளியின் தறியில் நெய்தால் தறிக்கும் கூத்துக்கும் உண்மையான உறவு வரும்.

நகர்த்திய வீடும் நகராத பள்ளியும்

பழைய கட்டடத்தைக் காப்பதற்கு ஒரு வழி அதைப் பெயர்த்துக்கொண்டு போவது. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு நிற்கிறது. தென்மாநிலங்களின் பல வகை வீடுகளும் நிற்கின்றன. சென்னை கைவினை அறக்கட்டளையின் முயற்சி அது. இடிந்து போயிருக்க வேண்டிய வீடுகள் அங்கே பிழைத்தன. வெளியூர்ப் பிள்ளைகள் ஒரே நாளில் நாலு மாநில வீட்டைப் பார்க்கிறார்கள். அது அருங்காட்சியகம், அந்த வேலையை அது நன்றாகச் செய்கிறது.

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அது பொருந்தாது. அது ஊரிலேயே இருந்தாக வேண்டும். இதில் ஜப்பான்காரர்களிடம் கற்க ஒன்று இருக்கிறது. நீகாட்டா மாகாணத்தின் எச்சிகோ-த்சுமாரி மலைக் கிராமங்களில் இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட, பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடின. 2000 முதல் அங்கே மூன்றாண்டுக்கு ஒருமுறை பெரிய கலை விழா நடக்கிறது; மூடிய பள்ளிகள் பல கலைக்கூடங்கள் ஆயின. ஹச்சி என்ற ஊரின் சனாடா தொடக்கப் பள்ளி 2005இல் மூடியது. படக்கதை ஓவியர் சேய்சோ தாஷிமா, அந்தப் பள்ளியின் கடைசி மூன்று மாணவர்களையே கதை மாந்தராக்கி, மிதந்து வந்த மரக்கட்டையையும் மரக்கொட்டைகளையும் கொண்டு வகுப்பறை முழுக்க உருவங்களாகத் தொங்கவிட்டார். 2009இல் அது படக்கதை அருங்காட்சியகமாகத் திறந்தது. வகுப்பறை வகுப்பறையாகவே தெரிகிறது. பள்ளி இருந்த தடத்தை அழித்துவிட்டு அதன் மேல் கலையைப் பூசவில்லை.

எங்கள் நிலைமை அதைவிட மேல். எங்கள் ஊரில் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்துக் கான்கிரீட் கட்டடத்தில் ‘அ, ஆ’ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆசிரியைகள் செல்போனில் ஆட்டத்தைப் பார்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். இருபது அடி தள்ளியிருக்கும் பழைய கட்டடத்தில் கூத்து வாத்தியார் ஒருவர் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்திருந்தால் அந்தக் கஷ்டம் எதற்கு?

ஐப்பசியிலிருந்து தொடங்குங்கள்

இனி அட்டவணை. இதை ஆங்கில மாதத்தில் போட்டால் சரிவராது; தறிக்கும் கூத்துக்கும் கணக்கு தமிழ் மாதத்தில்தான்.

கூத்து ஜமாவுக்குப் பங்குனியிலிருந்து ஆடி, ஆவணி வரை மூச்சு விட நேரமில்லை. ஒரு ஊர் முடிந்தால் அடுத்த ஊர். அப்போது அவர்களை வகுப்பெடுக்க வா என்றால் வரமாட்டார்கள், வரவும் கூடாது. அதுதான் அவர்கள் பிழைப்பு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் களரி ஏது, கூத்து ஏது? ஜமா வீட்டில் முடங்கும். அதே மழையில் நெசவாளரும் முடங்குவார். குழித்தறியின் குழியில் தண்ணீர் ஊறும், இழை நமுத்துப்போகும், தெருவில் பாவு போட வெயில் இருக்காது.

ஆக, கூத்துக்காரருக்கும் நெசவாளருக்கும் கை ஒழிவது ஒரே பருவத்தில். அந்தப் பருவத்தில் அவர்களுக்கு வேண்டியது ஒழுகாத கூரையும் கொஞ்சம் வருமானமும். கலைக்கூடத்தின் பெரிய பருவம் அதுவாக இருக்க வேண்டும். பயிற்சி முகாம், வேஷக் கட்டைகளைப் பழுதுபார்த்துக் கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் புதிதாக ஒட்டுவது, பெரியவர்களிடம் இருக்கும் கூத்துப் பிரதிகளைப் படியெடுப்பது, வயதான பாடகர்களைப் பதிவு செய்வது, எல்லாம் இந்த மாதங்களில். அதனால்தான் மேடைக்கு முன்னால் கூரைக்குக் காசு போடுங்கள் என்கிறேன். மேடையை ஊர்க்காரர்கள் இரண்டு மணி நேரத்தில் மண்ணைக் கொட்டிப் போட்டுவிடுவார்கள்.

தையில் பாவு வேலை சூடு பிடிக்கும். பள்ளி மைதானம் விடியற்காலையில் பாவு இழுத்துக் கட்டுகிறவர்களுக்கு. மணி அடிப்பதற்குள் அவர்கள் சுருட்டிக்கொண்டு போய்விட வேண்டும். பங்குனியில் தேர்வு நேரம், ராத்திரி மைக் கூடாது. சித்திரை, வைகாசியில் பிள்ளைகளுக்கு விடுமுறை. அப்போதுதான் ஜமாவோடு பிள்ளைகள் ஒரு பாரதத்துக்குப் போய், அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதையும் துரியோதனன் படுகளத்தையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். வாரம் முழுக்க மாலையில் ஒரு அறை நூலகம். சனி, ஞாயிறு கலை வகுப்பு. மாவட்டத் தலைநகரங்களில் அரசின் ஜவகர் சிறுவர் மன்றம் 5 வயது முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இப்படித்தான் வகுப்பு நடத்துகிறது. அது எட்டாத கிராமத்துக்கு இது எட்டட்டும்.

அட்டவணை போட்ட பிறகுதான் சில விஷயங்கள் கண்ணில் படும். இரவு நிகழ்ச்சி என்றால் பெண்களுக்குக் கழிப்பறை திறந்திருக்க வேண்டும். பள்ளிக் கழிப்பறைச் சாவி தலைமையாசிரியையிடம், அவர் வீடு ஆரணியில். ஆகவே, பழைய கட்டடத்துக்கு என்று தனிக் கழிப்பறை, தனி மின் இணைப்பு, தனி வாசல். இதை எந்த வரைபடமும் எனக்குச் சொல்லவில்லை. இரவு ஒன்பது மணிக்கு எதிரே “பெண்கள் வருவார்களா?” என்று எழுதிப் பார்த்தபோது தெரிந்தது.

யாருடைய சொத்து, யார் காசு?

ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் கட்டடமும் ஒன்றியத்தின் பொறுப்பு. பழைய மாணவர்கள் சேர்ந்து வாட்ஸாப்பில் முடிவு செய்துவிட்டால் ஆகாது. கிராம சபையில் தீர்மானம் வேண்டும், ஒன்றியத்தின் ஒப்புதல் வேண்டும், கல்வித் துறையின் இசைவு வேண்டும். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது: குடியரசு நாள், மார்ச் 22, மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. கூட்டத்தில் பெண்கள் அதிகம் உட்கார்ந்திருக்கும் நாளாகப் பார்த்து வையுங்கள் என்றேன்.

காசுக்கு வழி இல்லாமல் இல்லை. ஊர் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைச் சேர்க்கும் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. 2022இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாகப் பழைய மாணவர்கள் நன்கொடை தரலாம். ஆனால் இவை எல்லாம் ஒரு தடவை வரும் காசு. கட்டடம் முடிந்த பிறகு மாதா மாதம் வரும் மின்கட்டணத்துக்கும், சனிக்கிழமை வாத்தியாரின் சம்பளத்துக்கும், தறியில் உட்காருபவரின் கூலிக்கும் தனி வழி வேண்டும். நன்கொடையில் பாதிக்கு மேல் சுவரில் போடாதீர்கள். மீதியை வங்கியில் போட்டு வட்டியில் சம்பளம் கொடுங்கள் என்பது என் கட்சி. கலைஞரைச் சால்வையோடு அனுப்பிவிடும் பழக்கம் இங்கேயாவது வேண்டாம். சால்வையை வைத்து அரிசி வாங்க முடியாது.

நிர்வாகக் குழுவில் பாதிப் பெண்கள், காலனியிலிருந்து ஆட்கள், ஜமாவிலிருந்து ஒருவர், நெசவாளர் ஒருவர், இப்போதைய தலைமையாசிரியை. கட்சிக்காரர், நன்கொடையாளர் யாருக்கும் அவர் பெயரில் அறை கிடையாது. அறைக்கு எண் போதும், ஒன்று, இரண்டு, மூன்று. சாவி மூன்று, மூன்றும் மூன்று தெருவில்.

பையன்கள் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். கோபம் இல்லை என்றுதான் சொன்னார்கள். இப்போது பன்னிரண்டு மாதத்துக்கும் ஏழு கிழமைக்கும் கட்டம் போட்ட பெரிய தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கும் என்று எழுதக் கூடாது. யார் நடத்துவார் என்று பெயர் எழுத வேண்டும், அவரிடம் ஒப்புதல் கேட்ட பிறகு. கார்த்திகைச் சனிக்கிழமைகள் நிரம்பிவிட்டன. மிருதங்கத்துக்கு ஆள் இருக்கிறது, பறைக்கு இருக்கிறது, கட்டத்தாளில் புட்டா வரையக் கற்றுத்தர அறுபது வயது நெசவாளர் அக்கா ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ‘காட்சி அறை’ என்று வரைபடத்தில் இருந்த இடத்துக்கு மட்டும் இன்னும் ஒரு பெயரும் வரவில்லை. வரும் வரை அந்த அறைக்கு ஒரு செங்கல்கூட வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.